ஹொக்கைடோ டயரும் இறம்பொடை இறக்கமும்: ஒரு ஹயர் வேனின் நிகழ்வு ஆய்வு

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததும், கொழும்பு யார்டுகளில் ஜப்பான் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வாங்கப் போகிறவர்கள் ஏல அறிக்கையைப் பார்க்கிறார்கள், ஓடிய தூரத்தைப் பார்க்கிறார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். குனிந்து டயரின் பக்கச்சுவரை வாசிப்பவர்கள் மிகக் குறைவு. அங்கே "ஸ்டட்லெஸ்" என்ற ஒரு சொல் இருந்தால், அந்த வண்டி பனி ஓட்டத்துக்கான டயருடன் நம்முடைய மழைக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

வாகனங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். கீழே வருவது அப்படி வந்த ஒரு வேனின் கதை. உரிமையாளரும் சாரதியும் சம்மதம் தந்தபடியால் எழுதுகிறேன். பெயர்கள் தேவையில்லை.

வண்டியும் இரண்டு சம்பவங்களும்

டொயோட்டா ஹையேஸ், 2022 தயாரிப்பு, டீசல், ஆறு கியர் ஓட்டோ, நாலு சக்கர இழுவை. ஏல அறிக்கையில் சப்போரோ என்று இருந்தது, அதாவது ஹொக்கைடோ தீவிலிருந்து வந்தது. உரிமையாளர் வெள்ளவத்தைக்காரர். கோயில் பயணம், கல்யாண ஹயர், வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளை விமான நிலையத்தில் ஏற்றி இறக்குவது, அப்புறம் நுவரெலியாச் சுற்றுலா என்று வேன் ஓடுகிறது. சாரதி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர். மலைப்பாதையில் பல வருட அனுபவம் உள்ள மனிதர்.

முதல் சம்பவம் மே மாதத்து மழை மாலையில் பேஸ்லைன் வீதியில் நடந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவுதான். முன்னால் போன பஸ் நின்றது. சாரதி பிரேக்கை முழுவதுமாக மிதித்தார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் படபடவென்று அடித்தது, வேன் மட்டும் வழுக்கிக்கொண்டே போய் பஸ்ஸின் பின்புறத்தில் முட்டியது. முன் பம்பரும் ஒரு விளக்கும் போயின. ஆளுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது சம்பவம் ஜூலையில். கனடாவிலிருந்து வந்த குடும்பத்தை நுவரெலியாவுக்கும் சீதாஎலிய கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பும்போது, இறம்பொடைக்குக் கிட்ட பிரேக் பெடல் மெதுவாகி, வழக்கத்தைவிடக் கீழே இறங்கத் தொடங்கியது. எரிந்த மணம் வேனுக்குள் வந்தது. சாரதி பெடலைத் திரும்பத் திரும்ப அடித்து, கியரைக் குறைத்து, அனுமார் கோயில் சந்திக்கு அருகில் வண்டியை ஓரம் கட்டினார். அரை மணித்தியாலம் போல ஆறவிட்டதும் பெடல் பழைய இடத்துக்கு வந்தது. இதே மலைச்சரிவில் கரண்டியெல்லவில் 2025 மே 11ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேனுக்குள் இருந்த பெண்கள் அழுதுவிட்டார்கள் என்று உரிமையாளர் சொன்னார்.

என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு முடிவும் இருந்தது. டயர் நல்லது, ஜப்பான் டயர், ஓட்டம் நிறைய இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். பிரேக்தான் பிழை. துளையிட்ட ஸ்போர்ட்ஸ் டிஸ்க் ஒரு சோடி பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் பார்த்து வைத்திருக்கிறார், அதைப் போட்டுவிடலாம். டயர் விஷயத்தில் ரொறன்ரோ மச்சானின் சிபாரிசும் இருந்தது: "மச்சான், உது பனியிலயே பிடிக்கிற ரயர். மழை உதுக்கு ஒரு கணக்கோ? கழட்டாத."

பனியில் வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிற ஒருவர் சொன்னால் யாரும் நம்புவார்கள். அதனால்தான் இந்த நம்பிக்கையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பனிக்கால டயர் எதற்காகப் பிறந்தது

சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகும். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமராது. பனிக்கால டயரின் ரப்பர் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. வீதியைத் தொடும் அதன் தோல் முழுக்க மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வும்.

ஜப்பானில் முன்பு ஆணி பதித்த டயர்கள்தான் ஓடின. அவை பனி இல்லாத நாட்களில் வீதியைச் சுரண்டி நகரங்களைத் தூசியாக்கின. 1990இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆணி இல்லாத டயர், அதாவது ஸ்டட்லெஸ், அங்கே இவ்வளவு முன்னேறியதற்கு அது ஒரு பெரிய காரணம். பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் கொண்டுவந்த பிளிசாக் போன்ற டயர்களின் ரப்பருக்குள் நுண்ணிய குமிழ்கள் உண்டு. உறைபனி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேலே படரும் மிக மெல்லிய நீர்ப்படலம். அந்தப் படலத்தைக் குமிழ்கள் உறிஞ்சி எடுத்துவிட, ரப்பர் நேராகப் பனியைத் தொடுகிறது. மிக அழகான பொறியியல் இது. அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை.

ஆனால் அந்த டயர் உறிஞ்சுவது மில்லிமீற்றரில் சிறு பங்கு தடிப்புள்ள நீரை. பேஸ்லைன் வீதியில் மே மாத மாலையில் ஓடுவது விரல் தடிப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் தோலில் ஓடும் அகலமான கால்வாய்கள்தான். பனிக்கட்டியில் கூடிய பரப்பு பட வேண்டும் என்பதற்காக ஸ்டட்லெஸ் டயர்களில் கால்வாய்களின் பங்கைக் குறைத்திருப்பார்கள். கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. வெயில் பட்ட தார் அதைவிட மிகக் கூடுதலாகச் சுடும். 7 பாகைக்குக் கீழே வேலை செய்யச் செய்த ரப்பர் அந்தச் சூட்டில் அளவுக்கு மீறி இளகுகிறது. பிரேக் பிடிக்கும்போது வெட்டுகளுக்கு நடுவிலுள்ள சிறு கட்டைகள் வளைந்து மடிகின்றன. வண்டியை நிறுத்த வேண்டிய விசை அந்த மடிப்பிலேயே போய்விடுகிறது.

"நுவரெலியா குளிர்தானே, அங்கே உதவாதா?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது போய்விடும். அந்தச் சில மணித்தியாலங்களுக்காக வருடம் முழுக்கப் பிழையான ரப்பரில் ஓட முடியாது. இந்த நாட்டில் பனிக்கால டயருக்கு வேலை இல்லை.

டயரைக் குனிந்து வாசித்தபோது

நான்கும் ஒரே வகை ஸ்டட்லெஸ், அளவு 195/80 ஆர்15, எல்டி வகை, அதாவது பாரம் ஏற்றும் வண்டிக்கானது. தயாரிப்புத் திகதியைக் காட்டும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். நான்கும் வண்டியோடு பிறந்தவை. கால்வாயின் ஆழம் 6 மில்லிமீற்றர் என்று ஆழமானி காட்டியது. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது நல்ல டயர்தான்.

இங்கே ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண டயரின் கால்வாய்க்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு சிறு திட்டு இருக்கும். தோல் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. இது எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிய ஸ்டட்லெஸ் டயரில் இன்னொரு திட்டும் உண்டு. பிளாட்ஃபோர்ம் என்பார்கள். புது டயரின் ஆழம் பாதியாகத் தேய்ந்ததும் அது வெளியே தெரியும். பக்கச்சுவரில் ஓர் அம்புக்குறி அந்த இடத்தைக் காட்டும். அது தெரிந்துவிட்டால் அந்த டயர் பனிக்கு உதவாது. நாங்கள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது பின் டயர் இரண்டிலும் அந்தத் திட்டு தோலோடு ஏறத்தாழச் சமமாக இருந்தது. வெட்டுகளின் விளிம்புகள் வட்டமாகிவிட்டன. அதாவது பிறந்த ஊரிலேயே அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது. உரிமையாளர் இந்த இடத்தில்தான் முதன்முதலாகக் குனிந்து உட்கார்ந்தார்.

காற்றிலும் பிழை இருந்தது. டயர் கடையில் காருக்கு அடிப்பதுபோல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்திருந்தார்கள். கதவு ஓரத்து ஸ்டிக்கர் அதைவிட நன்றாகக் கூட்டிக் கேட்கிறது. எல்டி டயர் கூடிய அழுத்தத்தில்தான் தன் பாரத்தைத் தாங்கும். அதோடு மழையில் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு உண்டு: பிஎஸ்ஐ எண்ணின் வர்க்கமூலத்தை 16.6 ஆல் பெருக்கினால், ஆழமான நீரில் மிதப்புத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வரும். 30 பிஎஸ்ஐக்கு அது 91, 45 பிஎஸ்ஐக்கு 111. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, தோலின் ஆழமும் வடிவமும் சேர்ந்து மாற்றும். ஆனால் திசை சரி. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகிற வேனுக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரம் சின்னது அல்ல.

பேஸ்லைன் வீதியில் நடந்தது மிதப்பு அல்ல, 40 கிலோமீற்றருக்கு அது வராது. அங்கே குறைந்தது வெறும் பிடிப்பு. ஏபிஎஸ் படபடத்ததே அதற்குச் சாட்சி. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிரேக்கில் பலம் இருந்தது. வீதியைப் பிடிக்கத்தான் டயரில் வலு இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 கிலோமீற்றர் வேகத்தில், ஈர வீதியில் உராய்வுக் குணகம், அதாவது டயர் வீதியைப் பிடிக்கும் அளவு, 0.6 என்றால் பிரேக் பிடித்ததிலிருந்து நிற்க 10.5 மீற்றர் வேண்டும். அதுவே 0.4 ஆகக் குறைந்தால் 15.7 மீற்றர். வித்தியாசம் ஐந்து மீற்றருக்குச் சற்றுக் கூட. ஹையேஸின் நீளம் 4.7 மீற்றர். ஒரு முழு வேன் நீளம் தள்ளி நிற்கிறது என்றால், பஸ்ஸில் முட்டியதில் ஆச்சரியம் இல்லை. எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டிருந்தாலும் அன்றைக்கு அது ஓர் அங்குலத்தைக்கூட மிச்சப்படுத்தியிருக்காது. சக்கரத்தை நிறுத்துவதுதான் பிரேக்கின் வேலை. வண்டி நிற்பது டயரால்.

இறக்கத்தில் பெடல் ஏன் இறங்கியது

இரண்டாவது சம்பவம் வேறு கதை. இங்கே டயருக்குப் பங்கு இல்லை.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் 1,300 மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறோம். அந்த உயரத்தில் வண்டிக்குள் இருந்த சக்தி எங்கேயாவது போக வேண்டும். முழுவதும் பிரேக்குக்குள் போனால் அது எவ்வளவு தெரியுமா? 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து குறைந்தது முப்பத்துமூன்று முறை முழு நிறுத்தம் போடுவதற்குச் சமம். வண்டியின் பாரம் எவ்வளவாக இருந்தாலும் இந்த எண் மாறாது, பாரம் கூடினால் இரண்டும் சேர்ந்தே கூடும். காற்றுத்தடையும் டயர் உருளலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட வேண்டும். எஞ்சினுக்குப் பங்கு கொடுக்காவிட்டால் எல்லாம் பிரேக்கின் தலையில்.

சாரதியிடம் எந்தக் கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஐயா, பழைய வேன் கைக் கியர். செகண்ட்ல போட்டுட்டா அது பாட்டுக்கு இறங்கும். இது ஓட்டோ, டியில போட்டா போதும், அதுவே பாத்துக்கும்னு சொன்னாங்க." இந்த ஒரு வாக்கியத்தில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது. அவருக்கு மலை தெரியும், கியரின் அருமையும் தெரியும். ஓட்டோவிலும் அதே வேலையைச் செய்யலாம் என்று வண்டியைக் கையில் கொடுத்தவர்கள் யாரும் காட்டித் தரவில்லை. லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கியரைக் கையால் குறைக்கலாம். அதை அவர் அதுவரை தொட்டதே இல்லை.

அடுத்தது பெடல் தந்த தடயம். பிரேக் சூடேறித் தோற்பது இரண்டு விதமாக நடக்கும். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்தால் பெடல் கல்லுப்போல நிற்கும், வண்டி மட்டும் வேகம் குறையாது. பிரேக் ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் மெத்தென்று கீழே போகும். ஆவி சுருங்கும் என்பதால் காலின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிப் பெடல் திரும்பி வரும். இங்கே நடந்தது இரண்டாவது. எரிந்த மணம் பேட்டும் தன் எல்லைக்கு வந்துவிட்டதைச் சொல்லியது.

ஒயில் ஏன் கொதித்தது? பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கொழும்பின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சம் இல்லை. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது 140 பாகையாக விழுகிறது. டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1க்கு 260, 180. இந்த வேனின் ஒயில் தயாரிப்பிலிருந்து மாற்றப்பட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. போத்தலில் எடுத்துப் பார்த்தபோது வெறும் தேத்தண்ணி நிறம். ஈரமானி சிவப்பு விளக்கைக் காட்டியது. சர்வீஸ் கொப்பியில் "பிரேக் ஒயில் பார்த்தது" என்று ஒரு கராஜ் எழுதியிருந்தது. அளவு இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முன் பேட் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் இடைவெளி கூடியிருந்தது. டிரம் சூடாகும்போது விரியும், அப்போது ஷூ இன்னும் தூரம் போக வேண்டும். அதுவும் பெடல் இறக்கத்தில் சேர்ந்துகொண்டது.

மலைப்பாதையில் பிரேக் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஜனவரி 20 நானுஓயா, ரதல்ல விபத்தை மறக்க முடியாது. கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றிப் போன பஸ் அந்தச் செங்குத்தான குறுக்கு வீதியில் இறங்கும்போது எதிரே வந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. அந்த இரண்டிலும் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் மலையகத்து மக்கள், தங்கள் பாட்டுக்குத் தங்கள் வீதியில் போய்க்கொண்டிருந்தவர்கள். கொழும்பிலிருந்து மலைக்கு வண்டி அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். நம் பிரேக் நம்மை மட்டும் காப்பதில்லை.

துளையிட்ட டிஸ்க்கை ஏன் வேண்டாம் என்றேன்

பஞ்சிகாவத்தைக் கடையில் காட்டிய டிஸ்க் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிரேக் தாங்கும் சூடு டிஸ்க்கின் இரும்பு எடையைப் பொறுத்தது. துளை போட்டால் எடை குறைகிறது. முன்னொரு காலத்தில் பேட்டிலிருந்து வெளியேறும் வாயுவைப் போக்கத் துளைகள் உதவின. இன்றைய பேட்டுகளுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. நீண்ட இறக்கத்தில் துளையின் விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடும் ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் தயாரிப்பாளர் தெரியாத டிஸ்க்கில். ரேஸ் பேட்டும் அப்படித்தான். அது சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தால், ஆறிப்போன பேட்டில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். ஹயர் வேனுக்கு அது ஒத்துவராது.

டொயோட்டா இந்த வண்டிக்குக் கொடுத்த காற்றோட்ட டிஸ்க் போதுமானது. அதன் தடிப்பு எல்லைக்குள்தான் இருந்தது. அந்தப் பிரேக் தன் வேலையைச் செய்ய நல்ல ஒயிலும் எஞ்சினின் துணையும் தேவைப்பட்டன, வேறொன்றும் இல்லை.

மாற்றியவை

டயர் நான்கும் ஒரே நேரத்தில். உரிமையாளர் முதலில் இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்று கேட்டார். செலவு எனக்கும் புரிகிறது. சாதாரண நிலையில் இரண்டுதான் முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்வேன், ஏனென்றால் வளைவில் பின்புறம் வழுக்கினால் சாரதியால் மீட்பது கடினம். ஆனால் ஸ்டட்லெஸ் இரண்டும் சாதாரண டயர் இரண்டுமாக ஓடினால் முன்னும் பின்னும் வேறு வேறு வண்டிபோல் நடந்துகொள்ளும். அதற்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கடையில் அதே விட்டத்தில் கார் டயர் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். இங்கே கவனம் தேவை. பக்கச்சுவரில் 107/105 என்றிருக்கும் எண் பாரக் குறியீடு. 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ, இரட்டைச் சக்கரமாகப் போட்டால் 105, அதாவது 925 கிலோ. கார் டயரில் இந்த எண் 90க்குக் கிட்ட நிற்கும், அது 600 கிலோ. பத்துப் பேரும் அவர்களின் பெட்டிகளும் ஏறிய வேனுக்கு அது வெடிக்கக் காத்திருக்கும் டயர். எல்டி வகையில், அதே 107/105இல், ஈர வீதிக்கு நல்ல பெயருள்ள சாதாரணக் கோடை டயரையே எடுத்தோம். தயாரிப்புத் திகதி அந்த வருடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று நின்று, கடைக்காரர் முதலில் கொண்டுவந்த இரண்டைத் திருப்பி அனுப்பினோம். காற்று ஸ்டிக்கர் சொன்னபடி.

பிரேக்கில் பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றி டாட் 4. டாட் 3 இருந்த இடத்தில் அதைத் தாராளமாக ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். பெயரில் ஒத்த டாட் 5 மட்டும் சிலிகோன், அதைக் கலக்கவே கூடாது. முன் பேட் வண்டிக்குரிய அசல் வகை, பெட்டியும் இலக்கமும் சரிபார்த்து. பின் ஷூ இடைவெளி சரிசெய்து, பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஊசிகளைக் கழுவி கிரீஸ் வைத்தோம். செலவில் பெரும்பகுதி டயருக்குப் போனது. பிரேக் வேலை முழுவதும் அந்த துளை டிஸ்க் சோடியின் விலையைத் தொடவில்லை.

பிறகு சாரதியோடு உட்கார்ந்து லீவரைக் காட்டினேன். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஓட்டோவில் அதை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான் புதிது. பிரேக்கை இலேசாக அழுத்திக்கொண்டே வராமல், நன்றாக ஒருமுறை பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடிப்பது. உடனே பிடித்துக்கொண்டார்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல். இறக்கத்தில் மோட்டார் பட்டரியை ஏற்றியபடி வேகத்தைக் குறைக்கும். பட்டரி நிரம்பியதும் அந்த உதவி போய்விடும். நீண்ட மலையிறக்கத்தில் இது நடக்கும். லீவரில் B என்ற இடம் (நிறுத்திவைக்கும் P அல்ல) இருக்கும் கார்களில் அது எஞ்சினைத் துணைக்கு அழைப்பதற்காகவே வைக்கப்பட்டது.

மச்சானின் ஊரில்

ரொறன்ரோ மச்சான் சொன்னது அவருடைய ஊருக்கு முழு உண்மை. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை, ஏனென்றால் வெள்ளவத்தையிலிருந்து அங்கே போய் முதல் குளிர்காலத்தில் ஸ்டியரிங் பிடிக்கும் பிள்ளைகள் ஏராளம்.

உறைபனியில் உராய்வுக் குணகம் 0.1 அளவுக்கு விழும். 50 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த வீதியில் 14 மீற்றரில் நிற்கிற கார் அங்கே 98 மீற்றர் ஓடும். இதில் ஒவ்வொரு மீற்றரையும் குறைப்பது டயர் மட்டும்தான். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும். மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது, அதற்குச் சோதனை எதுவும் தேவைப்படுவதில்லை. நான்கு சக்கரத்துக்கும் போட வேண்டும்.

பிரேக்கைப் பெரிதாக்க அங்கே ஆசைப்பட வேண்டாம். பனிக்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் ஒடுங்கிய டயரும் போடுவது வழக்கம். பெரிய காலிப்பர் போட்டால் அந்த ரிம் உள்ளே போகாது. அங்கே பிரேக்கின் எதிரி வீதியில் கொட்டும் உப்பு. அது காலிப்பர் ஊசிகளை இறுக்கும், டிஸ்க்கையும் இரும்புக் குழாய்களையும் அரிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி கிரீஸ் வைப்பதும், துரு எதிர்ப்புப் பூச்சுள்ள டிஸ்க் போடுவதும், குளிரிலேயே பிடிக்கும் சாதாரணப் பேட்டும் போதும். வசந்தம் வந்து 7 பாகை தாண்டியதும் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். மச்சானும் ஏப்ரலில் அதைத்தான் செய்கிறார். கொழும்பில் அந்த ஏப்ரல் பன்னிரண்டு மாதமும் இருக்கிறது என்று உரிமையாளரே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

பின்னர்

ஓகஸ்டில் அதே சாரதி, அதே பாதை, வேன் நிறைய ஆட்கள். நானும் கூடப் போனேன். நுவரெலியாவிலிருந்து புறப்பட்டபோது நல்ல மழை. கியர் இரண்டும் மூன்றுமாக வண்டி இறங்கியது, எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூட. பின்னால் இருந்த ஒரு அம்மா "ஏன் தம்பி இப்பிடி இரையுது?" என்று கேட்டார். சாரதி "அதுதாம்மா வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். இறம்பொடைச் சுரங்கம் தாண்டி நிறுத்தி முன் சக்கரத்தருகே கையை வைத்துப் பார்த்தோம். சூடு இருந்தது, மணம் இல்லை. பெடல் கம்பளை வரை ஒரே இடத்தில் நின்றது. ஈர வீதியில் ஏபிஎஸ் ஒருமுறைகூட எழும்பவில்லை.

கழற்றிய ஸ்டட்லெஸ் நான்கையும் வாங்க ஒரு முச்சக்கர வண்டிக்காரரின் வேன் வைத்திருக்கும் அண்ணன் வந்தார். உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார். அவரை நான் இதற்காகவே மதிக்கிறேன். அந்தக் காசு அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது.

பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மலை ஹயர் கூடினால் ஒவ்வொரு வருடமும். அடுத்த மாற்றத்தின் திகதியை எஞ்சின் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்தோம். டயர் ஆழத்தைச் சாரதியே மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறார், ஆழமானி இப்போது வேனின் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. 3 மில்லிமீற்றருக்கு வந்ததும், 1.6 வரை காத்திராமல், நான்கையும் மாற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.